அச்சக் கதையும் ஆராயும் அறிவும்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலின் வழியே வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று நம் முன்னோர் வழங்கினர். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கின்றது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. அவற்றுள் அச்சம் நான்கு காரணங்களால் பிறக்கும் என்பது அந்நூலின் கருத்து. வருத்தும் தெய்வமாகிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்போரே அந்நால்வகைக் காரணங்கள். இவை யாவும் நமக்குப் புறத்தே உள்ளவை. ஆயினும், இவற்றுள் ஒன்றேனும் அருகில் இல்லாதபோதும் அச்சம் பிறப்பதுண்டு. இரவில் விளக்கருகே அமர்ந்து திகில் கதை படிக்கும் மாணவன் முன் வெள்ளைத் தாளும் கரிய எழுத்துகளுமே உள்ளன. எனினும், அவன் நெஞ்சு படபடக்கின்றது. கதவு தாழிட்டிருக்கின்றதா என்று திரும்பிப் பார்க்கின்றான். பார்த்தபின் மீண்டும் கதையைத் தொடர்கின்றான். இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? அஞ்சியும் அவன் நூலை மூடாதது ஏன்? அத்தகைய கதைகளைப் படிப்பதால் விளையும் பயன் யாது? இவற்றை ஆராய்வோம்.

திகில் கதைகள் பல, ஊரினின்று விலகி நிற்கும் ஒரு தனி வீட்டில் நிகழ்கின்றன. தனி வீடு என்றாலே அச்சந்தான் என்று கருதுதல் வேண்டா. தருமபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி என்னும் ஊர் உள்ளது. அதன் தென்மேற்கே சேர்வராயன் மலையும், கிழக்கே சித்தேரி மலையும் உயர்ந்து நிற்கின்றன. சேர்வராயன் மலையில் தோன்றும் வாணியாறு அப்பகுதிக்கு நீர் தருகின்றது. அவ்வட்டாரத்து உழவர் பலர் தத்தம் நிலத்திலேயே வீடு கட்டி வாழ்கின்றனர். அத்தகைய குடியிருப்பைக் கொட்டாய் என்று அழைத்தல் தருமபுரிப் பக்கத்து வழக்கு. ஒரு கொட்டாய்க்கும் மற்றொரு கொட்டாய்க்கும் இடையே வயலும் தோப்பும் பரந்து கிடக்கும். இரவானால் தொலைவில் ஒரு விளக்கின் ஒளி மட்டுமே தெரியும். ஆயினும், அங்கே பிறந்து வளர்ந்த சிறுவர் இருட்டைக் கண்டு நடுங்குவதில்லை. நாய் குரைத்தால் நரியோ அயலாரோ வந்தனர் என்று அறிவர். கூரைத் தகரம் திடீரென ஓசை செய்தால், பகல் வெயிலில் விரிந்த தகரம் இரவுக் குளிரில் சுருங்குகின்றது என்று அறிவர். தோப்பில் கூகை அலறினால், அஃது எலி பிடித்து உழவனுக்கு உதவும் பறவை என்று அறிவர். ஒவ்வோர் ஓசைக்கும் அவர்கள் காரணம் அறிவர். ஆதலின் அவர்கள் உறக்கம் கெடுவதில்லை.

இனி, அச்சேர்வராயன் மலையின்மேல் உள்ள ஏற்காட்டை நோக்குவோம். 1820களில் சேலத்தின் ஆட்சித் தலைவராக இருந்த காக்பர்ன் என்பவர் அம்மலையில் காப்பிப் பயிரைப் பரப்பினார். பின்னர் ஐரோப்பியத் தோட்டக்காரர் பலர் அங்குக் குடியேறிக் காப்பித் தோட்டங்களின் நடுவே பெரிய பங்களாக்களை எழுப்பினர். மலைச்சரிவு, மூடுபனி, உயர்ந்த மரங்கள், நீண்ட தாழ்வாரம் ஆகியவை அவ்வீடுகளைச் சூழ்ந்திருந்தன. சமவெளியிலிருந்து முதன்முதலாக வந்து அத்தகைய வீடொன்றில் தனித்துத் தங்கும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் மரப்பலகை நெரிகின்றது. சன்னலில் எதுவோ உரசுகின்றது. கொட்டாயில் வாழும் சிறுவன் கேட்கும் ஓசைகளுக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் வந்தவன் உறங்கான். அவ்வோசைகளின் காரணத்தை அவன் அறியான். அறியாத இடத்தை அவன் மனமே ஓர் உருவத்தைப் படைத்து நிரப்பிக்கொள்கின்றது. தனிமையைக் காட்டிலும் அறியாமையே அச்சத்திற்கு முதன்மையான காரணம் என்பது இதனால் விளங்கும். திகில் கதை எழுதுவோர் இவ்வுண்மையை நன்கு அறிந்தவர்கள்.

அச்சம் தோன்றுங்கால் உடலில் நிகழ்வன யாவை? இடர் வந்தது என்று மூளை உணர்ந்தவுடன், சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது, மூச்சு மிகுகின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது, கண்ணின் பாவை விரிகின்றது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் இவ்வாறு தன்னை ஆயத்தம் செய்துகொள்கின்றது. மெய்யான இடரைக் கண்டபோது நிகழும் இம்மாறுதல்கள், கதையில் வரும் இடரைப் படிக்கும்போதும் ஓரளவு நிகழ்கின்றன. ஆயினும் நாம் நம் வீட்டில் நலமாக அமர்ந்திருக்கின்றோம் என்பதை அறிவு மறப்பதில்லை. உடல் அஞ்சுகின்றது, அறிவு அஞ்சாதிருக்கின்றது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதால், அவ்வச்சம் துன்பமாகாமல் ஒருவகைச் சுவையாகின்றது. ஊஞ்சலில் உயர எழும்போது வயிறு கலங்கினும் குழந்தை சிரிப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இச்சுவையை விளைவிக்க ஆசிரியர் கையாளும் வழிகள் சிலவற்றை அறிதல் நலம். முதலாவது வழி, உதவியை அகற்றுதல். கதையில் வரும் வீட்டுக்கு அருகில் வேறு வீடு இராது. மழையால் பாலம் உடைந்திருக்கும், தொலைபேசி பேசாது, வேலைக்காரர் மாலையிலேயே சென்றுவிடுவர். கூவினால் கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்ற நிலையைப் படைத்தபின், சிறு ஓசையும் பெரிய அச்சத்தைத் தரும். இரண்டாவது வழி, காட்டாமல் விடுதல். முழுதும் கண்ட பொருளை மனம் அளந்துவிடும். பாதி கண்ட பொருளை அளக்க இயலாது. ஆதலால் திறமையுடைய ஆசிரியர் கதவு மெல்லத் திறப்பதைச் சொல்வார். திறந்தவர் யார் என்பதைச் சொல்லார்.

மூன்றாவது வழி, காலம் தாழ்த்துதல். திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். இருவர் பேசிக்கொண்டிருக்கும் மேசையின் கீழே வெடிகுண்டு ஒன்று உள்ளது. அது திடீரென வெடித்தால், காண்போர் சில நொடிகள் திடுக்கிடுவர், அவ்வளவே. குண்டு இருப்பதையும் அது வெடிக்கும் நேரத்தையும் காண்போர்க்கு முன்னரே அறிவித்துவிட்டால், பேசுவோரின் சாதாரணச் சொற்கள் யாவும் நெஞ்சைப் பதைக்கச் செய்யும். திடுக்கிடுதல் வேறு, திகில் வேறு என்பதை இவ்வெடுத்துக்காட்டு நன்கு உணர்த்துகின்றது.

நான்காவது வழியே எல்லாவற்றினும் நுட்பமானது. கதை முழுவதையும் ஒருவர் கண்ணாலேயே காணச் செய்வதே அவ்வழி. அவர் கண்டதே நமக்குக் காட்சி. அவர் ஐயுற்றதே நமக்கு ஐயம். அவர் மனம் தெளிவாக இருக்கின்றதா, கலங்கியிருக்கின்றதா என்பதை அறிய நமக்கு வேறு சான்று இல்லை. பேய் வெளியே இருக்கின்றதா, சொல்பவரின் உள்ளத்தில் இருக்கின்றதா என்ற வினா எழும்போது, திகில் கதை உளவியல் கதையாக உயர்கின்றது.

தமிழில் இவ்வகைக்குச் சிறந்த சான்றாகத் திகழ்வது புதுமைப்பித்தன் எழுதிய 'காஞ்சனை' என்னும் சிறுகதை. புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்து 1948-இல் மறைந்தவர். அக்கதையில் கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். அவர் வீட்டிற்கு வரும் பெண்ணொருத்தியை அவர் மனைவி இரக்கத்தோடு வேலைக்கு அமர்த்துகின்றாள். மனைவிக்கு அவள் ஓர் ஏழைப்பெண். கணவருக்கோ அவளைக் கண்ட நாள் முதல் உள்ளம் நடுங்குகின்றது. இருவரும் ஒரே வீட்டில் ஒரே பெண்ணையே காண்கின்றனர். ஆயினும் காணும் பொருள் வேறாகின்றது. ஆசிரியர் எவர் பக்கமும் தீர்ப்புக் கூறாமல் கதையை முடிக்கின்றார். காட்டின் நடுவே அன்றி, மக்கள் வாழும் தெருவிலுள்ள வீட்டிலேயே தனிமை குடிகொள்ளக்கூடும் என்பதை அக்கதையால் அறிகின்றோம்.

வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் 1895-இல் 'பசித்த கற்கள்' என்று பொருள்படும் பெயரால் ஒரு கதை எழுதினார். தாகூர் தம் இளமையில், 1878-ஆம் ஆண்டில், அகமதாபாத்தில் நீதிபதியாக இருந்த தமையனாருடன் ஷாகிபாக் என்னும் பழைய முகலாய அரண்மனையில் சில திங்கள் தங்கியிருந்தார். அவ்வரண்மனையே அக்கதைக்கு வித்தாயிற்று. பஞ்சுக்கு வரி தண்டும் அலுவலர் ஒருவர் ஆற்றங்கரையில் உள்ள பாழடைந்த அரண்மனையில் தங்குகின்றார். அங்கே இரவில் தங்க வேண்டா என்று முதிய எழுத்தர் ஒருவர் எச்சரிக்கின்றார். வேலைக்காரர்களும் இருட்டியபின் அங்கிருக்க ஒருப்படவில்லை. அந்தி நேரத்தில் ஆற்றுப்படிகளில் காலடி ஓசை கேட்கின்றது, ஆளைக் காணோம். நாள் செல்லச் செல்ல, பகலில் அவர் அலுவலர். இரவில் பழங்கால அரண்மனைவாசி. விடியற்காலையில் பித்தன் ஒருவன் அவ்வரண்மனையைச் சுற்றி வந்து, இவையெல்லாம் பொய் என்று கூவுகின்றான்.

இக்கதையை அவ்வலுவலர், இரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும் இருவரிடம் கூறுகின்றார். முடிவைக் கூறுமுன் வண்டி வந்துவிடுகின்றது; அவரும் ஏறிச் சென்றுவிடுகின்றார். கேட்ட இருவருள் ஒருவர், அவர் நம்மை ஏமாற்றினார் என்கின்றார். மற்றவர் அதனை ஏற்கவில்லை. இருவர்க்கும் பகை மூள்கின்றது. ஒரே கதையைக் கேட்டவர் இருவர், தத்தம் மனப்பாங்கிற்கேற்ப இரு வேறு முடிவுக்கு வந்தனர். கதையைப் படிப்பவர் தம் மனத்தையும் உடன் படிக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

தனி வீட்டுத் திகில் கதைகளுள் உலகப் புகழ் பெற்றது, ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய குறுநாவல். 'திருகின் முறுக்கு' என்று பொருள்படும் பெயருடையது அது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பிளை என்னும் பெரிய மாளிகை. அங்கே பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவனும் சிறுமி ஒருத்தியும் வாழ்கின்றனர். இலண்டனில் வாழும் அவர்கள் பெரியப்பன், குழந்தைகளுக்குக் கல்வி கற்பிக்க இளம் ஆசிரியை ஒருத்தியை அனுப்புகின்றான். எதற்காகவும் தனக்குத் தொல்லை தரலாகாது என்பது அவன் விதித்த கட்டளை. சென்ற சில நாள்களில் மாளிகைக் கோபுரத்தின்மேல் ஓர் அயலானை அவள் காண்கின்றாள். பின்னர் ஏரிக்கரையில் கரிய உடையணிந்த பெண்ணொருத்தியைக் காண்கின்றாள். அவ்விருவரும் அம்மாளிகையில் முன்பு பணிபுரிந்து இறந்தவர்கள் என்றும், குழந்தைகளைக் கவர்ந்து செல்ல வந்துள்ளனர் என்றும் அவள் துணிகின்றாள்.

அவள் கூற்று மெய்யா? அவள் விரித்துரைத்த ஆணின் உருவம் இறந்த பணியாளனுடையதே என்று வீட்டு மேலாளாகிய முதியவள் கூறுகின்றாள். இஃது ஆசிரியையின் பக்கம் நிற்கும் சான்று. ஆயின், ஏரிக்கரையில் இருவரும் ஒருங்கு நின்றபோது ஆசிரியை சுட்டிக் காட்டிய உருவம் அம்முதியவளின் கண்ணுக்குப் புலப்படவில்லை. இஃது எதிர்ப்பக்கம் நிற்கும் சான்று. எட்மண்ட் வில்சன் என்னும் திறனாய்வாளர், அவ்வுருவங்கள் ஆசிரியையின் மனமயக்கமே என்று 1934-இல் ஒரு கட்டுரை எழுதினார். மற்றும் பலர் அதனை மறுத்தனர். அவ்வழக்கு இன்றும் முடியவில்லை.

அவ்வழக்கினும் நாம் கருதத்தக்கது வேறொன்று உண்டு. குழந்தைகளைக் காப்பதே தன் கடமை என்று ஆசிரியை உண்மையாகவே நம்பினாள். அவளிடம் அன்பு இருந்தது, துணிவு இருந்தது. ஆயினும் குழந்தைகள் அறிந்தது யாது என்று நெடுநாள்வரை அவர்களை அவள் நேரே வினவவில்லை. அவர்கள் சிரித்தால், சூழ்ச்சியால் சிரிக்கின்றனர் என்றாள். அமைதியாக இருந்தால், எதையோ மறைக்கின்றனர் என்றாள். எது நிகழினும் அது தன் ஐயத்திற்கே சான்றாயிற்று. முடிவில், தான் காப்பாற்ற விரும்பிய அச்சிறுவனை அவள் இறுகத் தழுவிக்கொண்டிருக்கும்போதே அவன் இதயம் நின்றுவிடுகின்றது. பேய் கொன்றதா? காக்க வந்தவளின் அச்சம் கொன்றதா? இவ்வினாவே அந்நூலின் உயிர்.

இத்தகைய கதைகளைப் படிக்கும் மாணவர் மூன்று வினாக்களை மனத்திற் கொள்ளல் வேண்டும். இதனைச் சொல்பவர் யார் என்பது முதல் வினா. அவர் கண்ணால் கண்டது எது, மனத்தால் கருதியது எது என்பது இரண்டாம் வினா. இந்நிகழ்ச்சிக்கு வேறு விளக்கம் கூற இயலுமா என்பது மூன்றாம் வினா. கோபுரத்தின்மேல் ஓர் ஆள் நின்றான் என்பது காட்சி. அவன் குழந்தைகளைக் கவர வந்தான் என்பது கருத்து. இரண்டையும் பிரித்தறியப் பழகியவன் கதையின் சுவையை இழக்கமாட்டான். அதன் கட்டுக்கோப்பையும் கண்டு மகிழ்வான். குமுதம் வார இதழில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' என்னும் நாவலில் கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர் இருவர் வருகின்றனர். விளங்காத காட்சிகளைக் கண்டு வசந்தின் மனம் பேயை நம்பத் தலைப்படுகின்றது. கணேஷோ அறிவியல் வழியே காரணம் தேடுகின்றான். நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் இவ்விருவரும் இருக்கின்றனர். நல்ல கதை இருவரையும் பேசச் செய்கின்றது.

இங்கு எச்சரிக்கை இரண்டு கூறுதல் பொருந்தும். உளவியல் திகில் கதைகள் பலவற்றில் உளநோய் உற்றவரே கொடியவராகச் சித்திரிக்கப்படுகின்றனர். கதைக்கு அது எளிய வழி. உலகியலுக்கு அது பொருந்தாது. உளநோயால் வருந்துவோருள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர். உடல்நோய் உற்றோர்க்குரிய பரிவும் மருத்துவமும் அவர்க்கும் உரியன. மற்றொன்று, எல்லார் மனமும் ஒரே உறுதி உடையதன்று. படித்த கதை இரவு உறக்கத்தைக் கெடுக்குமாயின், நூலை மூடிவைத்துப் பகலில் படித்தல் கோழைமை ஆகாது. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்பது வள்ளுவர் கருத்து.

கதையில் பெறும் இப்பயிற்சி வாழ்க்கைக்கு வேண்டுவதா என்று சிலர் வினவலாம். அதற்கு விடையாக அமைந்த துன்ப நிகழ்ச்சி ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டியுள்ளது. 2018-ஆம் ஆண்டில், குழந்தைகளைக் கடத்தும் கூட்டத்தினர் ஊர்களுக்குள் நுழைந்துள்ளனர் என்ற வதந்தி கைப்பேசிகளின் வழியே வட தமிழ்நாட்டில் பரவியது. எழுதியவர் யார் என்பதை எவரும் அறியார். ஆயினும் செய்தி கைக்குக் கை சென்றது. அவ்வாண்டு மே மாதத்தில், தருமபுரி மாவட்டத்தை அடுத்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர்ப் பகுதியில் உள்ள குலதெய்வக் கோயிலுக்கு ஒரு குடும்பத்தினர் சென்றனர். வழியில் குழந்தைகளைக் கண்டு அவர்களுக்கு இனிப்பு வழங்கினர். அதனைக் கண்டவர் உள்ளத்தில் ஐயம் மூண்டது. ஐயம் தெளியுமுன் கூட்டம் திரண்டது. அக்குடும்பத்தைச் சேர்ந்த, அறுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அடியுண்டு உயிர் நீத்தார். உடன் வந்தோரும் படுகாயமுற்றனர். அடித்தவர்களும் தம் குழந்தைகளைக் காப்பதாகவே எண்ணியிருக்கக்கூடும். பிளை மாளிகையின் ஆசிரியையும் அவ்வாறே எண்ணினாள்.

குழந்தைகளுக்கு இனிப்புத் தந்தனர் என்பது காட்சி. கடத்த வந்தனர் என்பது கருத்து. இரண்டுக்கும் இடையே இருந்த இடைவெளியை, முன்னரே பரவியிருந்த கதை நிரப்பிவிட்டது. அக்கூட்டத்தில் ஒருவரேனும் முன்வந்து மற்றவரைத் தடுத்து நிறுத்தியிருந்தால், செய்தியைச் சொன்னவர் யார் என்றும், கண்டது என்ன என்றும், வேறு விளக்கம் உண்டா என்றும் உரக்கக் கேட்டு, அனைவரும் அமைதியுறச் செய்திருந்தால், அம்மூதாட்டி கோயிலை வழிபட்டு வீடு திரும்பியிருத்தல் கூடும். நூலில் பேய் வந்தால் நமக்கு இழப்பு ஒன்றும் இல்லை, வேண்டும்போது மூடிவிடலாம். ஊரில் வதந்தி வந்தால் அவ்வாறு மூட இயலாது. ஆதலின், இழப்பு இல்லாத இடத்திலேயே ஆராயப் பழகிக்கொள்ளுதல் அறிவுடைமை.

1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் பயனாகத் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நூலகங்கள் தோன்றின. மேலே கூறிய கதைகளுள் ஒன்றைத் தேடிப் பெற்றுப் படியுங்கள். அஞ்சத்தக்க இடத்தில் அஞ்சுங்கள். அந்த இன்பத்தை இழக்க வேண்டா. படித்து முடித்தபின், சொல்பவர் கண்டதை ஒரு பக்கத்திலும் கருதியதை மறுபக்கத்திலும் எழுதிப் பாருங்கள். இரண்டாம் பக்கம் எவ்வளவு நீள்கின்றது என்பதைக் காண்பீர்கள். அப்பழக்கம் வேரூன்றிய மாணவன், நாளை ஊர்ப் பொதுவிடத்தில் ஓர் அயலார்மீது பலர் கைநீட்டிக் கூச்சலிடும்போது, அக்கூச்சலில் தானும் கலந்துகொள்ளான், முன்சென்று, "நீங்கள் கண்டது என்ன?" என்று கேட்பான்.